உண்டென்றும் உரையார், இல்லையென்றும் உரையார்!

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தைப் பார்க்காத தோழர்கள் செங்கற்பட்டு வட்டாரத்தில் இருக்கமாட்டார்கள். யானைக் கூட்டத்தின் அருகே பூனை ஒன்று நிற்கிறது. முன்கால் இரண்டையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கடுந்தவம் புரிகிறது. அதைச் சுற்றி எலிகள். பூனை செய்வது தவமா, சாப்பாட்டுக்குக் காத்திருப்பதா? பூனை சொல்லாது. எலிகளும் கேட்டதாகத் தெரியவில்லை!

அந்தப் பாறையைப் பார்த்துவிட்டுக் கடலோரச் சாலையில் தெற்கே சென்றால், சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்கு அடுத்தாற்போல் கல்பாக்கம். அங்கே அணு உலைகள் இருக்கின்றன. அவை ஊருக்கு விளக்கேற்றவா, போருக்கு வெடிமருந்து சேர்க்கவா என்று கேட்டால், நெடுங்காலம் இந்த நாட்டின் ஆட்சியாளர்கள் சொன்ன விடை பூனையின் விடைதான். உண்டென்றும் உரையார், இல்லையென்றும் உரையார்.

இந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் முதற் பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் நிற்கிறார். அவர்தான் அறிஞர் ஹோமி ஜஹாங்கீர் பாபா. அவரைத் தூற்றுவதற்காக நாம் இதை எழுதவில்லை, துதிபாடவும் எழுதவில்லை. அவர் செய்தது என்ன, அதன் விளைவு நம் கடற்கரைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைப் பாட்டாளித் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

1909-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் பம்பாயில் செல்வம் மிக்க பார்சிக் குடும்பத்தில் பிறந்தார் பாபா. தந்தை வழக்கறிஞர். அத்தை மெஹர்பாய், டாட்டா குடும்பத்துத் தொராப்ஜியின் மனைவி. வறுமை எப்படியிருக்கும் என்பதை அந்தப் பிள்ளை புத்தகத்தில்தான் படித்திருக்க முடியும். பையன் இங்கிலாந்து சென்று பொறியியல் கற்று வரட்டும், ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் அமர்த்திவிடலாம் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டார்கள். 1927-இல் கேம்பிரிட்ஜ் சென்றார்.

பையனின் கணக்கோ வேறு. அவர் உள்ளம் இயற்பியலில் தோய்ந்துவிட்டது. முதலில் பொறியியலில் முதல் வகுப்பில் தேறிக் காட்டு, பிறகு விரும்பியதைப் படிக்கலாம் என்றார் தந்தை. 1930-இல் அவ்வாறே தேறிக் காட்டினார். பிறகு அணுவின் உலகில் நுழைந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளும் மோதிச் சிதறும் கணக்குக்கு இன்றும் உலகம் அவர் பெயரையே வைத்திருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தில் எப்படி மழையாகப் பெருகுகின்றன என்பதை 1937-இல் ஹைட்லருடன் சேர்ந்து விளக்கினார். இந்த ஹைட்லர், நாடு பிடித்த ஹிட்லரல்ல; அவன் ஆட்சியால் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்த அறிவாளர்களில் ஒருவர்!

1939-இல் விடுமுறைக்கு ஊர் வந்தார் பாபா. ஐரோப்பாவில் போர் மூண்டது. திரும்பிச் செல்ல முடியவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நம் தமிழகத்துச் சர் சி. வி. ராமன் இருந்தார், அங்கே சேர்ந்தார். 31 வயதில், 1941-இல், லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். ஓவியம் தீட்டுவார், மேல்நாட்டு இசையில் ஆழ்ந்து கிடப்பார், மரங்களின் மீது தீராத காதல். மணம் செய்துகொள்ளவில்லை.

அவர் நினைத்திருந்தால் போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜுக்கே போயிருக்கலாம். போகவில்லை. இங்கேயே உலகத்தரமான ஆராய்ச்சிக்கூடம் அமைப்பது என்று முடிவு செய்தார். 1944 மார்ச்சில் டாட்டா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். இன்னும் சில பத்தாண்டுகளில் அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது, இந்தியா நிபுணர்களைத் தேடி வெளிநாட்டுக்கு அலையக்கூடாது, இங்கேயே ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஹிரோஷிமாவில் குண்டு விழுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு முன்பே எழுதிய கடிதம் இது! அந்தத் தொலைநோக்கை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது. 1945-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் பிறந்தது.

விடுதலை வந்தது. பிரதமர் நேருவுக்கு விஞ்ஞானத்தில் பற்று, பாபாவிடம் நட்பு. 1948 ஏப்ரலில் அணுசக்தி மசோதா சட்டசபைக்கு வந்தது. இங்குதான் தோழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஆராய்ச்சி முழுவதும் இரகசியமாகவே நடக்கும் என்றது மசோதா. மைசூரைச் சேர்ந்த எஸ். வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் என்ற உறுப்பினர் எழுந்தார். ஆக்கப் பணிக்காகத்தானே இந்த ஆராய்ச்சி என்கிறீர்கள், அதற்கு ஏன் இத்தனை மூடுதிரை, பிரிட்டிஷ் சட்டத்தில்கூட இவ்வளவு இறுக்கம் இல்லையே என்று கேட்டார். ஆக்கப் பணியையும் ஆயுதப் பணியையும் எங்கே கோடு கிழித்துப் பிரிப்பது என்று தமக்கே தெரியவில்லை என நேரு ஒப்புக்கொண்டார். ஒளிவுமறைவில்லாத பதில். ஆயினும் மசோதா சட்டமாயிற்று; மூடுதிரையும் சட்டமாயிற்று.

நேரு சொன்னதில் உண்மை இருந்தது. யுரேனியத்தை உலையில் எரித்தால் வெப்பம் வருகிறது. அந்த வெப்பத்தில் நீராவி, நீராவியில் மின்சாரம். எரிந்து முடிந்த எரிபொருளுக்குள்ளேயே புளூட்டோனியம் என்ற புதுப்பொருள் உண்டாகியிருக்கும். அடுப்புச் சாம்பலுக்குள் மறுபடியும் எரியக்கூடிய கரி கிடப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். எரிந்த கோல்களை நறுக்கி, அமிலத்தில் கரைத்து, அந்தப் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்தால் அடுத்த உலைக்கு எரிபொருளாகும். குண்டுக்கும் அதுவே மருந்தாகும். பொருள் ஒன்று, பயன் இரண்டு. வைத்திருப்பவன் வாயைத் திறந்தாலன்றி எது என்று வெளியார் அறிய முடியாது.

1948 ஆகஸ்டு 10-ஆம் நாள் அணுசக்திக் கமிஷன் அமைந்தது. பாபா தலைவர், பட்நாகரும், நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் உறுப்பினர்கள். 1954-இல் அணுசக்தித் துறை தனியே அமைந்து, பிரதமரின் நேரடிப் பொறுப்பில் வந்தது. அதற்குச் செயலாளரும் பாபாவே. யோசனை சொல்பவரும் அவர். அதை நிறைவேற்றுபவரும் அவர். சரியாக நிறைவேறியதா என்று பார்ப்பவரும் அவர். வேறு எந்தத் துறைக்கும் கிட்டாத சலுகை இது. காரியம் விரைந்து நடந்தது உண்மை. 1956 ஆகஸ்டு 4-ஆம் நாள் டிராம்பேயில் அப்சரா உலை இயங்கியது. சோவியத் நாடு நீங்கலாக ஆசியாவிலேயே அது முதல் உலை. கேள்வி கேட்பவர் எவரும் இல்லாமல் நடந்தது என்பதும் உண்மை.

பாபா போட்ட திட்டம் மூன்று படிகள் கொண்டது. முதற்படி, இயற்கை யுரேனியத்தை எரித்து மின்சாரமும் புளூட்டோனியமும் பெறுவது. இரண்டாம் படி, அந்தப் புளூட்டோனியத்தை எரித்துக்கொண்டே மேலும் எரிபொருளை ஈனும் வேக ஈனுலை. மூன்றாம் படி, தோரியம். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கிறதே மோனசைட், அதிலிருக்கும் தோரியத்தை எரிப்பது. யுரேனியம் குறைவாகவும் தோரியம் மிகுதியாகவும் உள்ள நாட்டுக்கு இது அறிவார்ந்த திட்டம்தான். ஆனால் நடுப்படி முழுவதும் புளூட்டோனியத்தின் மேல் நிற்கிறது. மின்சாரத் திட்டம் என்று போட்ட பாதையே, விரும்பினால் குண்டுக்கும் கொண்டுபோய்விடும்.

இது பாபாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கனடா நாடு உலை கொடுத்தது; அமெரிக்கா கனநீர் கொடுத்தது; சைரஸ் என்ற அந்த 40 மெகாவாட் ஆராய்ச்சி உலை 1960-இல் இயங்கத் தொடங்கியது. ஆக்கப் பணிக்கே பயன்படுத்துவோம் என்று வாக்குக் கொடுத்தோம். ஆனால் வெளியார் வந்து சோதிக்கும் நிபந்தனை அதில் இல்லை. வல்லரசுகள் குண்டுகளைக் குவித்து வைத்துக்கொண்டு, ஏழை நாடுகளின் கொல்லைப்புறத்தை மட்டும் சோதனை போடுவதா என்று சர்வதேச மாநாடுகளில் பாபா வாதாடினார். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. அடிமைப்பட்டுக் கிடந்து எழுந்த நாட்டின் தன்மானம் இருந்தது. கதவைத் திறந்தே வைத்துக்கொள்ளும் தந்திரமும் இருந்தது. 1964-இல் டிராம்பேயில் புளூட்டோனியம் பிரிக்கும் ஆலையும் தயார்.

அதே ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சீனா அணுகுண்டு வெடித்தது. சீனப் போரில் பட்ட அடியின் வடு இங்கே ஆறவில்லை. நேரு மறைந்து ஐந்து மாதமே ஆகியிருந்தது. பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி. எட்டு நாள் கழித்து அகில இந்திய வானொலியில் பேசினார் பாபா. அந்தப் பேச்சு அவர் முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. உலக நாடுகள் ஆயுதங்களைக் களைய வேண்டும் என்றார். அதே மூச்சில் குண்டின் விலையையும் சொன்னார்: 10 கிலோடன் வெடிப்புக்கு 17.5 லட்ச ரூபாய், 2 மெகாடன்னுக்கு 30 லட்ச ரூபாய். செய்வோம் என்று சொல்லவில்லை. செய்ய மாட்டோம் என்றும் சொல்லவில்லை. விலைப்பட்டியலை மட்டும் கடைவாசலில் மாட்டினார்!

அந்த விலை சரியான விலையும் அன்று. உலைக்கும் ஆலைக்கும் ஆன செலவு அதில் சேரவில்லை. குண்டை ஏற்றிச் செல்லும் விமானமும் இராக்கெட்டும் சேரவில்லை. அரிசி விலை ஏறி மக்கள் கியூவில் நின்ற காலத்தில், குண்டு மலிவு என்ற எண்ணத்தை அது நாட்டில் விதைத்தது. சாஸ்திரி குண்டு வேண்டாம் என்று நின்றார். ஆனால் நவம்பர் இறுதியில் பார்லிமெண்டில், மலையைக் குடையவும் நிலத்தைத் திருத்தவும் உதவும் ஆக்க வெடிப்பு ஆராய்ச்சிக்குத் தடையில்லை என்று வழிவிட்டார். ‘ஆக்க வெடிப்பு’ என்ற போர்வை அங்கே நெய்யப்பட்டது.

1966 ஜனவரி 11-இல் தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்தார். 24-ஆம் நாள் காலை, வியன்னாவில் நடைபெறவிருந்த அணுசக்திக் கூட்டத்துக்காகப் பாபா சென்ற ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலையின் மோண்ட் பிளாங்க் சிகரத்தில் மோதியது. 117 பேரும் மாண்டனர். பாபாவுக்கு வயது 56. அன்றுதான் இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்றார். விமானி தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்ததே காரணம் என்று பிரெஞ்சு விசாரணை கண்டது. ஆயினும் சதி, சதி என்ற வதந்தி இன்றுவரை ஓயவில்லை. மூடி மூடி வைக்கப்பட்ட ஒரு வாழ்வின் முடிவைப் பற்றி, திறந்து சொன்னாலும் மக்கள் நம்புவதில்லை! இரகசியம் கொடுக்கும் கூலி அது.

அவர் இட்ட விதை முளைத்தது. 1974 மே 18-ஆம் நாள் பொக்ரானில் வெடித்தார்கள். மருந்து, சைரஸ் உலையில் விளைந்த புளூட்டோனியம். பெயர், ஆக்க வெடிப்பு. கனடா கோபித்துக்கொண்டு உதவியை நிறுத்தியது. அன்று தொடங்கி 1998 மே வரை 24 ஆண்டுகள் இந்தியா தவப்பூனையாகவே நின்றது. குண்டு இருக்கிறதா? வல்லமை இருக்கிறது. குண்டு இல்லையா? வல்லமை இருக்கிறது. 1998 மே 11, 13 நாட்களில் மீண்டும் வெடித்த பிறகே வாய் திறந்தது.

இந்த ஆட்டத்தை ஆடியது இந்தியா மட்டுமல்ல. தென்னாப்பிரிக்க வெள்ளையராட்சி ஆறு குண்டுகளை ஒளித்துச் செய்து, பின் அழித்து, 1993-இல்தான் உலகுக்குச் சொன்னது. இஸ்ரேல் இன்னும் சொல்லவில்லை. டிமோனா அணு நிலையத்தில் வேலை பார்த்த மொர்தெகாய் வனுனு என்ற தொழிலாளி 1986-இல் படங்களுடன் லண்டன் பத்திரிகைக்குச் சொன்னார். 18 ஆண்டு சிறையில் கிடந்தார். சொல்லாத கொள்கையைக் காப்பாற்ற, சொன்னவனைப் பூட்டி வைக்க வேண்டியிருக்கிறது.

இப்போது நம் கடற்கரைக்கு வருவோம். கல்பாக்கத்தில் கட்டடம் எழும்பியபோது பாபா இல்லை. ஆனால் அவருடைய மூன்று படிகளும் அந்த ஓர் ஊரிலேயே இருக்கின்றன. 1983-இலும் 1985-இலும் இயங்கத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகள் முதற்படி. 1985-இல் இயங்கிய சோதனை ஈனுலையும், 2004-இல் கட்டத் தொடங்கி 2024 மார்ச்சில்தான் உலையின் உள்ளகத்தை நிரப்பும் பணி தொடங்கிய 500 மெகாவாட் ஈனுலையும் இரண்டாம் படி. தோரியத்திலிருந்து பிறந்த எரிபொருளில் ஓடும் காமினி என்ற சிற்றுலை மூன்றாம் படி. கனடா கைவிட்ட பிறகும் நம் பொறியாளர்களும் தொழிலாளர்களும் கட்டி முடித்த உலைகள் இவை. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி அலை உள்ளே புகுந்தபோது, ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தியவர்களும் அந்தத் தொழிலாளர்களே. இந்தத் திறமையின் வேரில் பாபாவின் கனவு இருக்கிறது. மறைக்க மாட்டோம்.

மௌனமும் அங்கேயே இருக்கிறது. புளூட்டோனிய மறுசுழற்சித் திட்டம் என்ற பெயர்ப் பலகைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது நீர்மூழ்கிக் கப்பலுக்கான உலை என்பதை, அது ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்து, 2009 ஆகஸ்டில்தான் நாட்டுக்குச் சொன்னார்கள். அமெரிக்காவோடு உடன்பாடு செய்து, 2006-இல் சிவில் உலைகள் இவை, மற்றவை வேறு என்று பட்டியல் பிரித்தபோது, கல்பாக்கத்து மின் உலைகள் இரண்டும் ஈனுலைகளும் சர்வதேசச் சோதனைக்கு வெளியே நிறுத்தப்பட்டன. விளக்கும் எரியும், கதவும் மூடியிருக்கும்.

எதிரி நாட்டானுக்குத் தெரியக்கூடாது என்றுதானே மூடுகிறார்கள், அதனால் நமக்கென்ன என்று ஒரு தோழர் கேட்கலாம். நமக்கென்ன என்பதைச் சொல்கிறோம்.

2000-ஆம் ஆண்டு ஏப்ரலில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கீழுள்ள நிலையங்களை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து விலக்கினார்கள். ஆயுதப் பணி நடக்கும் இடம் என்பதே அந்த ஏற்பாட்டின் பின்னணி. கல்பாக்கத்தில் எரிந்த எரிபொருளைக் கரைத்துப் பிரிக்கும் ஆலை அந்த மையத்தைச் சேர்ந்தது. 2003 ஜனவரி 21-ஆம் நாள் அங்கே ஒரு வால்வு பழுதுபட்டது. கடுங்கதிர்வீச்சுக் கழிவு, வரக்கூடாத தொட்டிக்குள் வந்துவிட்டது. அங்கே எச்சரிக்கும் கருவி இல்லை. மாதிரி எடுக்கச் சென்ற தொழிலாளர்கள் வழக்கமான கழிவு என்றே எண்ணிக் கையாண்டார்கள். ஆறு பேர் மிகுந்த கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். தொழிலாளர் சங்கம் பாதுகாப்பு கேட்டு எழுதியது, வேலைநிறுத்தத்திலும் இறங்கியது. அப்படியிருந்தும் அந்த ஆண்டின் நடுப்பகுதியில்தான் செய்தி பத்திரிகைகளுக்கு வந்து, நிர்வாகமும் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது.

பீஜிங்குக்கும் இஸ்லாமாபாத்துக்கும் தெரியக்கூடாது என்று தொங்கவிட்ட திரை, சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்துக்கும் புதுப்பட்டினத்து வீதிக்கும் தெரியாமல் மறைத்தது. குண்டை மறைக்க வந்த திரை வால்வை மறைத்தது. 1948-இல் கிருஷ்ணமூர்த்தி ராவ் கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் விட்டதன் பலன், 55 ஆண்டு கழித்து ஆறு தொழிலாளர் உடம்பில் ஏறியது.

குண்டின் எண்ணிக்கையை ஊரறியச் சொல்லுங்கள் என்று நாம் கேட்கவில்லை. ஒரு நாட்டின் பாதுகாப்பில் சொல்லக்கூடாதவை சில உண்டு என்பதை அறியாத பிள்ளைகளல்ல நாம். நாம் கேட்பது வேறு. தொட்டியில் என்ன இருக்கிறது என்பது அதைத் தொடுகிறவனுக்குத் தெரிய வேண்டும். கடலில் என்ன கலக்கிறது என்பது அதில் வலை வீசுகிறவனுக்குத் தெரிய வேண்டும். ஆலை நடத்துகிறவனுக்குக் கட்டுப்படாத ஒரு மேற்பார்வை, ஆயுதப் பகுதிக்கும் சேர்த்து, இருக்க வேண்டும். இவை எந்த எதிரிக்கும் உதவாத செய்திகள். நம் தொழிலாளிக்கு உயிர் காக்கும் செய்திகள்.

பாபா, அணுவின் கணக்கை எவருக்கும் அஞ்சாமல் உலகின் முன் விரித்து வைத்த விஞ்ஞானியாக வாழ்வைத் தொடங்கினார். மூடிய கதவின் காவலராக அதை முடித்தார். முதற்பாதியை அவர் பெயர் தாங்கிய நிலையங்கள் பின்பற்றட்டும். கல்பாக்கம் வாயிலில் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போகும் தோழர்கள், தங்கள் சங்கத்தின் மூலம் இதை ஓயாமல் கேட்கட்டும்.

மாமல்லபுரத்துப் பூனை கல்லாலானது. அதனால் எலிகள் பிழைத்தன. கல்பாக்கத்தில் இருப்பது கல்லல்ல. அங்கே கேட்காமல் இருப்பவர் பிழைப்பார் என்பதற்கு யார் பொறுப்பு?